காணாமல் போன 'இல்லை'

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, பாண்டிச்சேரிக்குச் சற்று முன்னால் கோட்டக்குப்பம். தமிழ்நாடு எங்கே முடிந்து முத்தியால்பேட்டை எங்கே தொடங்குகிறது என்பது போர்டைப் பார்த்தால்தான் தெரியும். அங்கே நண்பர் பாய் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி அவர் மகள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். போன வாரம் போனபோது, "அங்கிள், புத்தகமெல்லாம் விமரிசனம் பண்றீங்களே, இதைப் பண்ணுங்க" என்று மூன்று பக்கங்களை நீட்டினாள்.

படித்தேன். மனிதர்களுக்காக எழுதியதில்லை. ஏஐ ஏஜென்ட் படிப்பதற்கான கையேடு.

கொஞ்சம் விளக்கம். செயலிகளின் திரைகளை வரைய டிசைனர்கள் பயன்படுத்தும் ஃபிக்மாவில் 2023-ல் 'வேரியபிள்' வந்தது. பொத்தானின் நிறம், இடைவெளி, அகலம் இதையெல்லாம் திரைக்குத் திரை குறிக்காமல், ஒரு பெயர் கொடுத்து ஓரிடத்தில் வைத்துவிடலாம். அங்கே மாற்றினால் எல்லாத் திரையிலும் மாறும். நிறம், எண், எழுத்துச்சரம், ஆம்/இல்லை என்று நாலே வகை. பகல்-இரவு, தமிழ்-ஆங்கிலம் என்று ஒரே வேரியபிளுக்குப் பல மதிப்பு தரலாம். அதற்குப் பெயர் 'மோட்'.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டது. ஏஜென்ட்டுகள் மற்ற மென்பொருள்களுக்குள் கைவைக்க அது ஒரு பொதுவாசல். 2025-ல் ஃபிக்மாவும் தன் எம்சிபி சர்வரைத் திறந்தது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விவரிப்பு, என்னென்ன தர வேண்டும் என்ற பட்டியல். ஏஜென்ட்டுக்குக் கருவியைப் பற்றித் தெரிவது பெரும்பாலும் அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் எட்டிக் கேட்க முடியாது.

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். வேரியபிள் திருத்தும் கருவியின் கையேட்டுக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பாராட்டு. நிற மதிப்பு 0 முதல் 1 வரை, 255 வரை அல்ல என்று உதாரணத்தோடு எழுதியிருந்தாள். இணையத்தைப் படித்து வளர்ந்த பிள்ளை 255 என்றுதான் நினைக்கும். நல்ல வாத்தியார் இப்படித்தான் முன்கூட்டியே தடுப்பார்.

மயங்க வைத்தல் உண்டு. 'பொத்தான் நிறம்' என்ற வேரியபிள் 'நீலம்' என்ற இன்னொன்றைச் சுட்டுகிறது. மாற்றச் சொன்னால் சுட்டுவதையா, சுட்டப்படுவதையா? கையேடு மௌனம். நீலத்தை மாற்றினால் சம்பந்தமில்லாத நாலு இடம் சிவந்துபோகும்.

பெரிய குற்றம், குன்றக் கூறல். 'இந்தக் கருவி வேரியபிளின் மதிப்பை மாற்றும்' என்று ஒரே வரி. மாற்றினால் எங்கெல்லாம் இடிக்கும், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

"இதனால என்ன ஆகும்?" என்றேன். சோதனையில் நடந்ததைக் காட்டினாள். கடன் தவணை கட்டும் செயலி. குறிப்பின் அகலம் 240. (உப்பளத்தில் 25 என்றால் உப்பு இறங்கும் பதம், போமே டிகிரி, வெளியாளுக்கு வெறும் எண். இதுவும் அப்படித்தான்.) ஆங்கிலத் திரையைக் கச்சிதமாக்கச் சொன்னதும் ஏஜென்ட் அதை 160 ஆக்கிவிட்டது. ஆங்கிலம் அழகாக அடங்கியது. தமிழில் 'பணம் கட்ட வேண்டியதில்லை' என்ற வாக்கியம் 'பணம் கட்ட வேண்டிய...' என்று நின்றது.

ஆங்கிலக்காரன் 'நோ'வை முன்னாலேயே சொல்லிவிடுகிறான். நாம் கடைசி வரை வைத்திருந்து சொல்கிறோம். வெட்டினால் முதலில் போவது 'இல்லை'தான். கடனை அடைத்த ஒருத்தி காலையில் இதைப் பார்த்தால் அன்றைக்கு அவள் வேலைக்குப் போக மாட்டாள்; பாங்க்குக்கு ஓடுவாள்.

ஏஜென்ட்டைத் திட்டி என்ன பயன்? சொன்னதைச் செய்தது. எம்சிபியில் 'இது அழிக்கக்கூடிய வேலை' என்று கருவியின் நெற்றியில் எழுத ஒரு குறிப்பு உண்டு. இவள் அதை நீக்கும் கருவிக்கு மட்டும் ஒட்டியிருந்தாள். "திருத்தறதுல என்ன அங்கிள் அழியுது?" என்றாள். பழைய மதிப்பு அழிகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து எழுதினாள்: மாற்றுமுன் எல்லா மோடிலும் இந்த வேரியபிள் எங்கே பயன்படுகிறது என்று பார், எழுத்து வெட்டுப்பட்டால் மாற்றாமல் மனிதரைக் கேள். கம்பெனிக்கு அனுப்பினாள். அரை மணியில் பதில்: திருத்தம் நன்று, ஆனால் நீளம். டோக்கனுக்குக் காசு. அதே அளவு வேறு எதையாவது குறைக்கவும்.

எதை வெட்டுவது என்று டீ ஆறும்வரை பார்த்தோம். கடைசியில், 'இது மிக எளிமையான, சக்திவாய்ந்த கருவி' என்று ஆரம்பிக்கும் முதல் பத்தியை எடுத்துவிட்டோம்.