195/55 ஆர்16: ஐ20 என் லைனுக்கு மாற்று டயர்

ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் டயர் அளவு 195/55 ஆர்16. மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்ஸா ஆகியவற்றின் மேல்வகைகள் ஓடுவதும் இதே அளவில்தான். 2022-இல் இந்தியத் தயாரிப்பு நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயின் பிற்கால மாடல்களும் இதே அளவில்தான் வந்தன. மாற்று டயர் வாங்கப் போகிறவருக்கு இதனால் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. எந்த ஊர்க் கடையிலும் இந்த அளவு கிடைத்துவிடும். ஆனால் அங்கே அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலானவை குடும்பக் கார்களை மனத்தில் வைத்து, பெட்ரோலை மிச்சப்படுத்தவும் நெடுநாள் உழைக்கவும் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முன்சக்கரங்களுக்கு அனுப்பும் 1 லிட்டர் டர்போ காருக்குத் தேவை வேறு.

புதுக் காரோடு வரும் டயரும் பெரும்பாலும் அந்தச் சிக்கன வகையைச் சேர்ந்ததே. கார் நிறுவனம் டயரைத் தேர்ந்தெடுக்கும்போது மைலேஜ் சான்றிதழ், விலை, சத்தம் என்று பல கணக்குகள் குறுக்கே வருகின்றன. ஐ20 உருவாகும் இருங்காட்டுக்கோட்டையை ஒட்டியே சென்னையின் கார் பந்தயத் தடமும் இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஜேகேயும் சியட்டும் ஆலை வைத்திருக்கின்றன. இத்தனையும் சூழ்ந்த இடத்தில் பிறக்கும் ஒரு வேகக் கார், அதற்கென்றே தேர்ந்த டயரோடு வெளிவந்திருக்க வேண்டும். அது நடக்காததால் அந்த வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது.

வறண்ட சாலையில் சிக்கன டயருக்கும் நல்ல டயருக்கும் உள்ள வேறுபாடு, சராசரி ஓட்டுநருக்கு வளைவுகளில் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். மழை பெய்தால் காரே வேறாகிவிடும். பாதி தேய்ந்த சிக்கன டயரோடு ஐப்பசி மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் என் லைன், இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலே முன்சக்கரம் சுழன்று, டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுக்கும். சாதாரண பிரேக்கிலேயே ஏபிஎஸ் உதறும். ஈரப் பிடிப்புள்ள டயர்களை மாட்டிச் சில வாரங்கள் ஓட்டிய பின் அதே சாலையில், அதே மழையில், அந்த விளக்கு எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. எஞ்சின் கொடுப்பது முழுவதும் சாலைக்குப் போகிறது. பிரேக் மிதியின் அடியில் நம்பகமான கனம் வருகிறது. ஸ்டியரிங் துல்லியம், சத்தம், சொகுசு ஆகிய எல்லாம் இதற்குப் பிறகுதான். ஈரப் பிடிப்பு என்ற இந்த ஒரு குணத்தை வைத்தே இந்தக் காருக்கு டயர் தேர்வு செய்ய வேண்டும்.

ஈரப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் தேர்வு எளிதாகும். சாலையின் பொடிக்கற்களின்மேல் ரப்பர் அமுங்கி மீளும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிப் போகிறது. பிடிப்பைத் தருவது இந்த இழப்புதான். உருளும்போது பெட்ரோலைக் குடிப்பதும் இதே இழப்புதான். ரப்பர் ஆய்வகங்கள் இவ்விரண்டையும் பிரித்து அளக்கின்றன. 60 டிகிரி செல்சியஸில் அளக்கும் இழப்பு உருளல் தடையைக் காட்டும். 0 டிகிரியில் அளக்கும் இழப்பு ஈரப் பிடிப்பைக் காட்டும். சக்கரம் சுற்றும்போது ரப்பர் ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிதானமாக அமுங்கி எழுகிறது. ஈரச் சாலையில் வழுக்கத் தொடங்கும்போதோ நுண்ணிய மேடுபள்ளங்களில் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. வேகமான அதிர்வு ரப்பரைக் குளிர்வித்ததுபோல் இறுக்கும் என்பதால்தான் மழைக்கால நடத்தையை 0 டிகிரியில் பார்க்கிறார்கள். கார்பன் பிளாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைச் சேர்த்தால் 60 டிகிரியில் இழப்பு குறையும், 0 டிகிரியில் குறையாது. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் கார் டயர்களில் இதைக் கொண்டுவந்த பிறகு, ஈரப் பிடிப்பும் மைலேஜும் ஒன்றையொன்று முழுதாகத் தின்னும் நிலை மாறியது. ஆனாலும் தேய்மானம் என்ற மூன்றாவது மூலை இன்னும் இருக்கிறது. மூன்றையும் ஒருசேர உயர்த்துவது விலையுயர்ந்த வேலை. மலிவு டயரில் ஏதோ ஒன்று பலியாகும்.

பலியாவது பெரும்பாலும் ஈரப் பிடிப்புதான். அதற்குக் காரணம் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி. ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்று வாங்குபவர் கேட்கிறார். ‘அறுபதாயிரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும்’ என்று கடைக்காரர் சொல்கிறார். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பட்டன் (டிரெட்) தேயாமல் அறுபதாயிரம் ஓடும் டயர் அந்த அறுபதாயிரத்திலும் கெட்டியான ரப்பரோடுதான் ஓடியிருக்கும். நாற்பதாயிரத்தில் தேயும் டயர் கொடுத்த பிடிப்பு, அந்த வேறுபாட்டின் விலையைத் தாராளமாகத் தாண்டிய மதிப்புடையது. சரக்கு வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு நியாயம். 120 பிஎஸ் ஹேட்ச்பேக்குக்கு அதை முதல் அளவுகோலாக வைப்பதை ஏற்கவே முடியாது.

வாங்குபவருக்கு வழிகாட்ட வேண்டிய லேபிள்களும் இங்கே போதவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் ஒவ்வொரு கார் டயருக்கும் ஈரப் பிடிப்பு எழுத்துக் குறி கட்டாயம். அந்தப் பழைய லேபிளின் கணக்குப்படி, முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையே 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டு நிற்கும் தூரம் 18 மீட்டர் வரை வேறுபடும். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம் அது. இந்தியாவில் ஏஐஎஸ்-142 விதி ஈரப் பிடிப்புக்குக் குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை ஒரு டயர் எவ்வளவு தாண்டுகிறது என்பது மட்டும் வாங்குபவர் கண்ணுக்கு வருவதில்லை. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர லேபிள் உருளல் தடையை வைத்துத் தரப்படுவது. ஐந்து நட்சத்திரம் பெற்ற டயர் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பது உறுதி. மழையில் எப்படி நிற்கும் என்பதற்கு அந்த நட்சத்திரத்தில் விடையில்லை.

டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்படும் அமெரிக்கத் தரக்குறி ஓரளவு கைகொடுக்கும். அதில் டிராக்‌ஷன் என்ற குறி ஈரத் தரையில் நேர்க்கோட்டில் பிரேக் போடும்போது கிடைக்கும் பிடிப்பைச் சொல்கிறது: ஏஏ, ஏ, பி, சி என்று நான்கு படிகள். வளைவையும் தேங்கிய நீரையும் அது கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் இந்தக் காருக்கு ‘ஏ’வுக்குக் கீழே இறங்கக் கூடாது. தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே நிர்ணயிப்பதால் ஒரு கம்பெனியின் 340-ஐ இன்னொரு கம்பெனியின் 400-உடன் ஒப்பிடுவது வீண். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் உதவும். டயர் அளவை அடுத்து வரும் 87வி என்ற குறியில் 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பது. வி என்பது 240 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்துக்கு இங்கே இடமில்லை என்றாலும் வேகக்குறி உண்மையில் வெப்பம் தாங்கும் திறனின் குறி. சித்திரை வெயிலில் நாற்கரச் சாலையில் மணிக்கணக்காக ஓடும் டயருக்கு அந்தத் திறன் வேண்டும்.

இந்த அளவில் முன்னால் நிற்பவை மூன்று: கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யுசி6, மிஷலின் பிரைமசி 4எஸ்டி, யோகோஹாமா புளூஎர்த்-ஜிடி ஏஇ51. மூன்றும் ஈரத்தில் நம்பத்தக்கவை. பிரித்துக் காட்டுவது பக்கச்சுவர். பிரைமசியின் பக்கச்சுவர் இளகியது. பள்ளங்களை விழுங்கும், சத்தம் அடங்கும், நெடும்பயணத்தில் குடும்பம் தூங்கும். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் ஒரு கணம் சாய்ந்து, பிறகே கார் திரும்புகிறது. என் லைனின் விறைப்பான சஸ்பென்ஷனுக்கு இந்தத் தாமதம் ஒட்டவில்லை. ஏஇ51 எதிர்ப்பக்கம்: திருப்பலுக்கு உடனடி பதில், சிறிய வெடிப்புகளில் கொஞ்சம் அதிர்வு. யுசி6 இரண்டுக்கும் நடுவில், ஆனால் ஏஇ51 பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில், ஈரமான தார்ச்சாலையில் பிரேக்கை மெல்ல விட்டபடி வளைவுக்குள் நுழையும்போது, முன்சக்கரங்கள் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்பதை அது கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வேகக் கார் வாங்கியவர் தேடுவது இந்தச் செய்தியைத்தான். மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் யுசி6. பள்ளமான சாலையே தினசரி வழி என்றால் பிரைமசி.

இவற்றைவிடத் தீவிரமான டயர்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இதே அளவில் கிடைக்கின்றன. இறக்குமதி டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கும் போனது. அதனால் அவை இங்கே கடைக்கு வருவது அரிது. முத்திரை இல்லாத டயர் எப்படியோ கிடைத்தாலும் தவிர்ப்பதே சரி. பந்தயத் தடங்களுக்கு டயர் செய்து பழகிய எம்ஆர்எஃப், சென்னையின் சொந்தக் கம்பெனி, இந்த அளவில் பிடிப்பை முதலில் வைத்து ஒரு சாலை டயரைக் கொண்டுவந்து, நீடித்த உழைப்புக்குச் செய்யும் அதே ஆர்வத்தோடு அதை விற்க வேண்டும். வாங்க ஆளுண்டு.

அளவை மாற்றும் ஆசைக்கு எச்சரிக்கை தேவை. மூல அளவின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். 205/50 ஆர்16 மாட்டினால் 611. ஒன்றரை சதவீதம்தான் குறையும், கிளியரன்ஸில் 5 மில்லிமீட்டர் போகும். 205/55 ஆர்16 என்றால் 632. தரை உயரம் கூடும், பிக்-அப் கொஞ்சம் மந்தமாகும். 215/45 ஆர்17 விட்டத்தில் கிட்டத்தட்டப் பொருந்தினாலும் பக்கச்சுவர் 107-இலிருந்து 97 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. அடையாளமிடாத வேகத்தடையும் மழை தோண்டிய குழியும் நிறைந்த சாலைகளில் அந்த 10 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காக்கிறது. பார்வைக்கு அழகு என்பதற்காக 17 அங்குல அலாய் மாட்டி, பக்கச்சுவர் வீங்கிய டயரோடு கடைக்குத் திரும்புபவர்கள் ஏராளம். மூல அளவில் நல்ல ரப்பர், பெரிய அளவில் சுமாரான ரப்பரை எப்போதும் வெல்லும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும்: 3624 என்றால் 2024-இன் 36-ஆம் வாரம். நான்கு டயர்களும் ஆறு மாதத்துக்குள் செய்யப்பட்டவையாக இருந்தால் நல்லது. ஓராண்டைத் தாண்டியதைத் திருப்பிவிடலாம், தள்ளுபடி எவ்வளவானாலும்.

இரண்டு மட்டும் மாற்றுபவர்களுக்குக் கடைகள் புதியவற்றை முன்னால் மாட்டி அனுப்புகின்றன. இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். தேய்ந்த டயர் பின்னால் இருந்தால் ஈர வளைவில் முதலில் வழுக்குவது காரின் பின்பாகம். முன்பாகம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பாகம் வழுக்கினால் பெரும்பாலானோரால் முடியாது. முன்சக்கர இயக்கமுள்ள காரிலும் புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிவந்தால் நான்கும் சேர்ந்தே தேயும், இந்தச் சிக்கலே எழாது.

தேங்கிய நீரில் டயர் மிதக்கும் வேகத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாசா ஆய்வாளர் வால்டர் ஹோர்ன் விமான டயர்களுக்காக வகுத்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 33 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அந்த வேகம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர், 25 பிஎஸ்ஐயில் 83. கார் டயரில் எண்கள் மாறும், போக்கு மாறாது. மழைக்காலத்தில் சொகுசுக்காகக் காற்றைக் குறைப்பது ஆபத்து. பட்டனின் ஆழமும் அதே அளவு முக்கியம்: புதிதில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே நீரை வெளியேற்றும் திறன் சரிவதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த அளவை எட்டிய டயரைப் புரட்டாசியிலேயே மாற்றிவிட வேண்டும். புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். அலைன்மென்டும் பேலன்சிங்கும் முடித்து, முதல் 200, 300 கிலோமீட்டர் வறண்ட சாலையில் நிதானமாக ஓட்டினால் அது தேய்ந்து முழுப் பிடிப்பு வந்துவிடும்.