இரண்டு வாரத்து வன்னி: ஊழியப் பயண எழுத்தை வாசித்தல்

பயண எழுத்தைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசப்பட்டிருக்கிறது. ஹஜ் பயண நூல்களும் இப்னு பதூதாவும் நம் இதழ்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றவை. ஆனால் நமது அயலில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு பயண எழுத்தை நாம் வாசிப்பதே இல்லை. குறுகிய கால ஊழியப் பயணம் போய்வந்த கிறிஸ்தவ இளைஞர்கள் தம் சபைக்கு எழுதும் சாட்சிகளைத்தான் சொல்கிறேன். அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குப் பதினாறு லட்சம் பேர் வரை இவ்வாறு வெளிநாடு போவதாகச் சமூகவியலாளர் ரொபர்ட் வுத்னோ 2009இல் வெளிவந்த தமது நூலில் மதிப்பிட்டார். இவர்களில் சிறு தொகையினர் இலங்கைக்கும் வருகிறார்கள். 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2004 டிசம்பரின் கடல்கோளுக்குப் பிறகும், 2009இன் பின்னரும் கிளிநொச்சி அவர்களுக்கு ஒரு போய்வரும் இடமாயிற்று. வெள்ளையர் மட்டுமல்ல; கனடாவிலும் இலண்டனிலும் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் அந்தக் குழுக்களில் வருகிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது மதமாற்றத்துக்கு எதிரான கட்டுரை அல்ல. 1981இல் மீனாட்சிபுரத்தில் நடந்ததற்காக நாம் எவ்வளவு காலம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டோம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோதும், 2004இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் ஜாதிக ஹெல உறுமய அதேபோன்றதொரு மசோதாவைக் கொண்டுவந்தபோதும் கிறிஸ்தவருக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்பதை நம்மில் பலர் உணர்ந்திருந்தார்கள். தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. என் கேள்வி எழுத்தைப் பற்றியது.

நான் வாசிக்கக் கிடைத்த சாட்சிகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில் ‘அழைப்பு’. பிறகு ‘பாரம்’. அதன்பின் பணம் திரட்டல், விமான நிலையம், வெயில், புழுதி. கூரையற்ற ஒரு வீடு. அதன் முன் சிரித்தபடி ஒரு குழந்தை. எதுவுமே இல்லாத இவர்கள் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்களே என்ற வியப்பு. கொடுக்க வந்தோம், பெற்றுக்கொண்டு போகிறோம் என்ற முடிவு. இந்தக் கதையில் மாற்றம் அடைகிறவர் வந்தவர் மட்டுமே. வன்னிச் சனங்கள் அம்மாற்றத்துக்கான பின்திரை. அவர்களுக்குப் பெயர் இல்லை. இந்தக் கூரை எந்த ஆண்டு, யாருடைய குண்டில் போனது என்ற விபரமும் இல்லை. ‘யுத்தம்’ என்ற ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

இதைக் கிறிஸ்தவர்களே கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். 1968இல் மெக்சிக்கோவில், தொண்டாற்ற வந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே, உதவி செய்யும் எண்ணத்தோடு இங்கே வராதீர்கள் என்று சொன்னவர் இவான் இல்லிச். அவரே ஒரு கத்தோலிக்கக் குரு. 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டூராசைச் சிதைத்தபின் அங்கு கட்டப்பட்ட வீடுகளைக் கேர்ட் வெர் பீக் என்ற கிறிஸ்தவ ஆய்வாளர் ஆராய்ந்து 2006இல் எழுதினார். வெளிநாட்டுக் குழுக்கள் வந்து கட்டிய வீட்டில் குடியிருந்தோருக்கும், உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீட்டில் குடியிருந்தோருக்கும் இடையே பெரிய வேறுபாட்டை அவர் காணவில்லை. பயணம் தம்மை அடியோடு மாற்றிவிட்டதாகச் சொன்னவர்களின் கொடையிலும் அதற்கேற்ற மாற்றம் தெரியவில்லை. ஆகவே, சாட்சியின் மையக்கூற்றான ‘நான் மாறினேன்’ என்பதே ஐயத்துக்குரியது.

தங்கும் காலம் குறைவாக இருப்பதுதான் கோளாறா? நெடுங்காலம் தங்கியவர்கள் மட்டும் வேறு மாதிரி எழுதினார்களா? 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனை இவ்விடத்தில் எடுத்துப் பார்க்கலாம். லீச் சகோதரிகள் ஏழாண்டு காலத்து அனுபவத்தை வைத்து 1890இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதுவும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் உள்ள கொடையாளரை நோக்கியே பேசுகிறது. ஏழாண்டு இருந்தும் வாசகர் மாறவில்லை. அதே மிஷனின் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்தார். இடையில் சில ஆண்டுகள் நாடு திரும்பியிருந்து, 1873 வரை பணியாற்றினார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவரும் மதம் பரப்ப வந்தவர்தான், அதை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் அவருடைய தமிழ் நூலை யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் கையிலெடுத்து, இது பிழை, இந்தக் கலைச்சொல் பொருந்தாது என்று சொல்ல முடிந்தது. இருவருமே நெடுங்காலம் இருந்தவர்கள். எனவே நாட்கணக்கு மட்டும் விடை தராது. யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவர் வாசித்துப் பதில் சொல்லக்கூடியதாக எழுத்து அமைகிறதா என்பதுதான் அளவுகோல்.

கிளிநொச்சியில் இத்தகைய குழுக்களுக்கு மொழிபெயர்க்கப் போகும் ஓர் இளைஞனிடம் இதைப் பற்றிப் பேசினேன். “நானா, அவையள் நல்ல பிள்ளையள். அழுகினம், சாப்பாட்டை வாங்கித் தருகினம், போகேக்கை கட்டிப் பிடிக்கினம். ஆனா எங்களைப் பற்றி என்ன எழுதினவை எண்டு ஒருத்தரும் எங்களுக்கு அனுப்பேல்லை” என்றான். இரண்டு வாரம் அவர்களின் வாயாக இருந்தவனுக்கு அவர்கள் எழுதியதில் ஒரு வரி தெரியாது. நான் சொல்ல வந்த விமர்சனம் முழுவதும் அவனுடைய அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

வன்னியின் இலக்கியம் இதை முன்பே அறிந்திருந்தது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்த நாவல். தண்ணிமுறிப்புக்கு வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் வருகிறார். கெட்ட மனிதரல்லர். பதஞ்சலிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். பிறகு போய்விடுகிறார். அவர் வந்து போனதன் சுமையைத் தூக்கவேண்டியவர்கள் அங்கேயே இருப்பவர்கள். வந்தவரின் நல்லெண்ணத்தை நாவல் மறுக்கவில்லை. ஆனால் கதையைப் பதஞ்சலியின் பக்கத்திலிருந்து சொல்கிறது. சாட்சி எழுத்து செய்யத் தவறுவது இதைத்தான். அந்த ஆசிரியர் ஊருக்குத் திரும்பித் தன் அனுபவத்தை எழுதியிருந்தால் பதஞ்சலி அதில் புன்னகைக்கும் ஒரு காட்டுப்பெண்ணாக மட்டும் வந்திருப்பாள்.

போகிறவர், இருக்கிறவர் என்ற வேறுபாடு வன்னியில் வெறும் இலக்கியப் பிரச்சினை அல்ல. 2008 செப்டெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவை ஏற்று ஐ.நா.வும் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று சனங்கள் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று மன்றாடினார்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அப்போதும் சில குருமார் சனங்களோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள். அருட்தந்தை சரத்ஜீவன் 2009 மே 18ஆம் திகதி மக்களோடு வெளியேறும் வழியில் உயிரிழந்தார். அதே நாளில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை. ஊழியம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இவர்களிடம் இருக்கிறது. ஆனால் சாட்சி எழுத இவர்கள் மிஞ்சவில்லை.

இனி நம் பக்கம். மௌலானா இல்யாஸ் மேவாத்தில் தொடங்கிய தப்லீக் பணியில் மூன்று நாள், நாற்பது நாள், நான்கு மாதம் என்று நம் வீடுகளிலிருந்தும் ஆட்கள் புறப்படுகிறார்கள். ஒப்பீடு முழுமையானதல்ல. ஜமாஅத் போவது முஸ்லிம்களிடம். சொந்தச் செலவில் போய், பள்ளிவாசலில் தங்கி, தாமே சமைத்து உண்கிறார்கள். ஆனால் திரும்பி வந்து சொல்லும் கார்குசாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குச் சாட்சியின் சாயல் புரியும். எத்தனை மஹல்லா, எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், நம் ஈமான் எவ்வளவு கூடியது. அந்த ஊரின் குளம் வற்றியிருந்ததா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா என்பதற்கு அதில் அநேகமாக இடமில்லை.

இதைவிட நமக்கு நெருக்கமானது இன்னொன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். நாச்சிக்குடா, நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று என்று வன்னியில் நாங்கள் இருந்த ஊர்களின் பெயர்கள் புத்தளத்து முகாம்களில் முதியவர்களின் வாயில் மட்டும் வாழ்ந்தன. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில்தான் அதற்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஹக்கீமும் பிரபாகரனும் கையொப்பமிட்டதும் அங்கேதான். நானும் முல்லைத்தீவுக்காரன். பாதை திறந்தபின் நம்மவர்கள் ஊர் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து கவிதையும் கட்டுரையும் எழுதினார்கள். அவை தேவையான எழுத்துகள். நம் இழப்பை வேறு யார் எழுதுவார்? ஆயினும் பலவற்றில் இடிந்த பள்ளிவாசலும் காடு மண்டிய கிணறும் இருக்கின்றன. பக்கத்து வளவில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்த் தாய் இல்லை. அவளுடைய எழுத்திலும் நாம் இருந்ததில்லை என்பது உண்மை. அந்த இல்லாமையைக் கேள்வி கேட்கும் நாம், அதே இல்லாமையை நம் பக்கத்தில் உற்பத்தி செய்ய முடியாது.

எனவே கனடாவிலிருந்து வரும் அந்தப் பிள்ளைகளிடம் நான் கேட்பதையே நம் எழுத்தாளர்களிடமும் கேட்கிறேன். வன்னிக்குப் போய்வந்து எழுதியதை முதலில் அங்குள்ளவர்களுக்கு வாசிக்கக் கொடுங்கள். சாட்சியை ஒரு தாளில் தமிழாக்கி, உங்களுக்கு மொழிபெயர்த்த பையனிடம் சேர்ப்பியுங்கள். நம் ஊர்திரும்பல் கட்டுரைகளைக் கிளிநொச்சியில் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு அனுப்பி, அவர்கள் எழுதும் மறுப்பையும் இதே பக்கங்களில் அச்சிடுவோம். அது காரமாக இருக்கலாம். 1990ஐ மறுத்தால் நாமும் பதில் எழுதுவோம். அடுத்த இதழுக்கு அப்படியொரு கட்டுரையும் அதற்கு ஒரு பதிலும் வந்து சேருமானால், இந்த விமர்சனம் எழுதப்பட்டதற்கு அதுவே போதும்.