ஸ்பிரிங்வேல் சுரங்க நீர்: கணக்கில் வந்ததும் வராததும்

ஆஸ்திரேலியாவின் லித்கோ நகரை ஒட்டிய ஸ்பிரிங்வேல் நிலத்தடிச் சுரங்கத்தில் கரியை வெட்டுவதைவிட நீரைச் சமாளிப்பதே பெரும்பாடு. ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் வரை வெளியேற்ற அதற்கு அனுமதி இருந்தது. கரி வெட்டும் இயந்திரத்தின் மீது தூசி அடங்கத் தெளிப்பது போன்ற உள்வேலைகளுக்கு இதில் ஒரு சிறு பங்கே போதும். மீதியை எங்கே விடுவது?

'லாங்வால்' முறையில் கரியை அகலமான பட்டையாக உருவி எடுத்தபின் மேற்கூரையைச் சரிய விட்டுவிடுவார்கள். சரிந்த பாறையில் விழும் வெடிப்புகள் மேலே உள்ள நீர்த்தாங்கு அடுக்குகளைத் தொடும். அங்கிருந்த நீர் கீழே இறங்கும். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே ஆள் நிற்க முடியும். அப்படி இறைத்த நீர் காக்ஸ் ஆற்றில் விடப்பட்டது. அந்த ஆறு போய்ச் சேருவது சிட்னி குடிக்கும் நீரில் பெரும்பகுதியைத் தரும் வாரகம்பா அணையில். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவான மின்கடத்துத்திறன், சுரங்க நீரில் சென்டிமீட்டருக்குச் சுமார் 1,200 மைக்ரோ சீமன்ஸ். மேட்டுநில ஆறுகளில் 350-ஐத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும் என்கிறது ஆஸ்திரேலிய வழிகாட்டி அளவு.

இதற்குக் கிடைத்த தீர்வு உண்மையிலேயே நல்ல பொறியியல். 2019-இல் இயங்கத் தொடங்கிய திட்டத்தின்படி, சுரங்க நீர் சுமார் 16 கிலோமீட்டர் குழாய் வழியாக மவுண்ட் பைப்பர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஆர்.ஓ. (எதிர் சவ்வூடுபரவல்) முறையில் சுத்தமாகி, குளிர்விப்புக் கோபுரங்களுக்குப் பயன்படுகிறது. ஆற்றுக்கு உப்புச் சுமை குறைந்தது. மின் நிலையமும் அணை நீரை முன்போல நம்பியிருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு, சுரங்கம் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கடும் வறட்சியில் இருந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் இந்தத் தீர்வு சுரங்க நிறுவனத்தின் பெருந்தன்மையால் மட்டும் வந்துவிடவில்லை. சிட்னியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்தத் திட்டமும் நீரின் தரத்துக்கு 'நடுநிலையான அல்லது நன்மையான' விளைவையே தர வேண்டும் என்பது சட்டம். 2015-இல் சுரங்க விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்தபோது '4நேச்சர்' என்ற அமைப்பு வழக்குப் போட்டது. முதலில் தோற்றது, 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் வென்றது. எதனோடு ஒப்பிட்டு 'நடுநிலை' என்கிறீர்கள் என்பதே வழக்கின் உயிர்நாடி. பழைய அனுமதி முடிந்துபோன நிலையில், ஏற்கெனவே அழுக்கு நீர் ஓடுவதை அளவுகோலாக வைக்க முடியாது, திட்டமே இல்லாத நிலையோடுதான் ஒப்பிட வேண்டும் என்றது நீதிமன்றம். சில வாரங்களில், அக்டோபரில், மாநில நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி அனுமதியைக் காப்பாற்றியது.

அரசின் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாநிலத்தின் பெரிய மின் நிலையங்களில் ஒன்றான மவுண்ட் பைப்பர் அந்தச் சுரங்கத்தின் கரியைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. ஆனாலும் திருத்தத்தின் விளைவு விபரீதமானது: நேற்று கெடுத்த அளவுக்கு இன்றும் கெடுத்தால் அதன் பெயர் நடுநிலை! புதிதாக வருபவருக்கு இருக்கும் கண்டிப்பு பழைய ஆளுக்கு இல்லை.

ஆற்றில் விழும் நீரையாவது அளக்கிறார்கள். சுரங்கத்துக்கு மேலே, நியூன்ஸ் பீடபூமியில் உள்ள சதுப்புகளின் கதை வேறு. மணற்பாறை இடுக்குகளில் கசியும் நிலத்தடி நீரை நம்பி வாழ்பவை அவை. அழியும் ஆபத்தில் உள்ள சூழலமைப்பு என்று பட்டியலிடப்பட்டவை. ராட்சதத் தும்பியும் புளூ மவுண்டன்ஸ் நீர் அரணையும் அவற்றை அண்டி வாழ்கின்றன. சுரங்கம் அடியில் சென்ற சில சதுப்புகள் வற்றின. 2019 இறுதியில் காஸ்பர்ஸ் மலைக் காட்டுத்தீ பீடபூமியில் பரவியபோது, ஈரம் போன சதுப்புகளில் கரிமண்ணே எரிந்தது. சுரங்கம் தொடாத சதுப்புகள் மீண்ட அளவுக்கு அவை மீளவில்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசி முனையில் நீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் சதுப்பு இழந்த நீர் அதற்குத் திரும்பாது. சுத்திகரிப்பு நிலையத்தின் சாதனைப் பட்டியலில் இந்த வரவு செலவு இடம்பெறுவதே இல்லை.

உப்பும் எங்கும் மாயமாகிவிடவில்லை. பிரித்த உவர்நீரைக் கெட்டியாக்கி, சாம்பல் கொட்டும் இடத்தில் சேர்க்கிறார்கள். ஆற்றில் கரைந்து போவதைவிட ஓரிடத்தில் குவிந்திருப்பது மேல்தான். ஆனால் அந்தக் குவியலை மழையிலிருந்து பல தலைமுறைகளுக்கு யாராவது காக்க வேண்டும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. இதே சுரங்க நீர் முன்பு வாலரவாங் மின் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2014-இல் அந்த நிலையம் மூடப்பட்டதும் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் ஆறே கதியாயிற்று. நீரை ஒரு மின் நிலையத்தோடு முடிச்சுப் போடும் ஏற்பாடு அந்த நிலையம் ஓடும்வரைதான் என்பது ஒருமுறை நிரூபணமாகிவிட்டது. மவுண்ட் பைப்பரை 2040-க்குள் மூடப்போவதாக அதன் உரிமையாளர்களே அறிவித்திருக்கிறார்கள். கரி எடுப்பது நின்றாலும் சுரங்கத்துக்குள் நீர் ஊறுவது நிற்காது.

ஆகவே ஆற்றைப் பொறுத்தவரை இது தேறிய திட்டம், சதுப்பைப் பொறுத்தவரை தேறாதது. இனி எந்த விரிவாக்கம் கேட்டு வந்தாலும், மின் நிலையம் மூடிய மறுநாள் நீரை யார் இறைப்பார், யார் சுத்திகரிப்பார், அதற்கான பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே அரசு கையெழுத்திட வேண்டும்.