கொட்டியாரக் குடாவில் புதுப் படகு

புதுப் பாய்மரப் படகு வாங்கிய கணவன் மனைவிக்குப் பெருங்கடல்தான் பள்ளிக்கூடம் என்பார்கள். திருகோணமலைத் துறைமுகமே போதும் என்பேன். படகைப் பழகுவதில் பாய் விரிப்பது சிறு பகுதிதான். நங்கூரமிடும்போதே இருவரின் பொருத்தம் தெரிந்துவிடும். ஒருவர் சுக்கானில், மற்றவர் அணியத்தில் சங்கிலியோடு. சொல்வதைக் காற்று கொண்டுபோய்விடும், கையசைவுதான் பேச்சு. ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். கொட்டியாரக் குடாவிலோ கடலடிப் பள்ளத்தாக்கு உள்ளே வரை நீள்வதால், சற்றுத் தள்ளி நின்றாலும் அந்தக் கணக்குத் தப்பிவிடும்.

நிலம் சூழ்ந்த அமைதியான நீரில் என்ன கற்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் அலை அடங்கியிருக்கும்; குடாவின் வாயைத் தாண்டிப் போவது சுகம், திரும்புவதுதான் பாடு. காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாயும் போகாது. குறுக்கும் மறுக்குமாகத்தான் வர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் கயிற்றைத் தளர்த்தும் அதே கணத்தில் மற்றவர் மறுபக்கம் இழுக்காவிட்டால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். வாடைக்காலம் இவ்வளவு பொறுமை காட்டாது. 1659 நவம்பரில் சோழமண்டலக் கரைப் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ கப்பல் பழுதுபார்க்க வந்தது இந்தக் குடாவுக்குத்தான். அதில் வந்த ராபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டு கைதியாக இருந்தது தனிக் கதை.