90 ரூபாய் பிரியாணியும் 240 ரூபாய் நாற்காலியும்

போன ரெண்டு மாசமா ஒரு வேண்டாத வேலை பார்த்தேன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் ‘கம்மி செலவில் சுற்ற, சாப்பிட’ என்று வரும் வீடியோக்களையும் பட்டியல்களையும் வரிசையாகப் பார்த்து நோட்டில் குறிப்பு எடுத்தேன். எத்தனை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்தது. ஒரு தம்பி பைக்கிலிருந்து இறங்குவார். தட்டு கேமரா பக்கத்தில் வரும். கறியைப் பிய்த்துக் காட்டுவார். விலை சொல்வார். ‘வேற லெவல்’ என்பார். முடிந்தது.

நான் இதைப் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி. மூணு வருஷமா ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, இந்த மூணுக்குத்தான் வீட்டை விட்டு வெளியே வருகிறார். ‘எங்கேயாவது கூட்டிட்டுப் போடா’ன்னு கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் உறுத்தியது. எங்கள் வீட்டில் நான், மனைவி, பத்து வயதுப் பெண், அம்மா. வரவு செலவு தெரிந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமைக்கு 500 ரூபாய்க்கு மேல் போனால் அந்த வாரம் எங்கேயோ இடிக்கும். ‘500 ரூபாய்க்குள் குடும்பத்தோடு ஒரு நாள்’ மாதிரித் தலைப்பெல்லாம் எனக்காகவே எழுதியது என்று நம்பினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடியோக்களை இளக்காரமாகப் பேசுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. விளம்பரம் கொடுக்க வழியில்லாத தள்ளுவண்டிக்காரருக்கு இவர்கள்தான் விளம்பரம். ரயில்வே கேட் ஓரம் இட்லி சுடும் அக்காவைப் பத்து தெரு தள்ளி இருக்கிறவனுக்கு அறிமுகப்படுத்தியதும் இவர்கள்தான். பத்திரிகைகளின் ‘உணவு விமர்சனம்’ ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி இறங்கி வந்ததே இல்லை. அந்த அளவில் பெரிய உபகாரம்.

என் புகார், இவர்கள் எதை விலை என்று எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு ஞாயிறு, ஒரு கணக்கு

ஒரு பட்டியலை நம்பி நாலு பேரும் கிளம்பினோம். மேடவாக்கம் பக்கம் ஒரு கடை, பிரியாணி 90 ரூபாய். கடைப் பெயர் வேண்டாம், தப்பு கடைக்காரர் மேல் இல்லை. பிரியாணியும் நன்றாகவே இருந்தது.

பிரியாணி மூணு, 270 ரூபாய். ஆட்டோ போக 200, வர 220. (தமிழ்நாட்டில் 2013-ல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால் நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும். இதைச் சொன்னால் ஆட்டோ அண்ணன் சிரிப்பார், நாமும் சேர்ந்து சிரிக்கத்தான் வேண்டும்.) தண்ணி பாட்டில் ரெண்டு, 40. அந்தக் கடையில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அம்மாவால் பத்து நிமிஷம் நிற்க முடியாது, தவிர அவர் அசைவம் சாப்பிட மாட்டார். எதிரே ஒரு ஜூஸ் கடையில் நாற்காலி இருந்தது. நாலு ஜூஸ், 240.

மொத்தம் 970 ரூபாய். அம்மா வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

அந்த 240 ரூபாயைப் பற்றி ரொம்ப யோசித்தேன். யாருக்கும் ஜூஸ் தேவைப்படவில்லை. நாங்கள் வாங்கியது நாற்காலி. அதுவும் இருபது நிமிஷத்துக்கு. பாத்ரூம் எங்கே என்று மனைவி மெதுவாகக் கேட்டபோது கடைப் பையன் பெட்ரோல் பங்க் பக்கம் கை காட்டினான். அதோடு கிளம்பிவிட்டோம். திரும்பும்போது ஆட்டோவில் பெண் சொன்னாள்: ‘அப்பா, மாலுக்கே போயிருக்கலாம்ல?’

பட்டியல் போட்டவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது 90 ரூபாய்தான். அவரிடம் பைக் இருக்கிறது, வயசு இருக்கிறது, நின்றுகொண்டு சாப்பிடுவார், ஆணாக இருப்பதால் ஒதுங்கவும் இடம் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான்: இருபத்தைந்து வயது, தனியாள், பைக் உள்ளவன். ‘குடும்பத்தோடு’ என்று தலைப்பில் போட்டாலும் கணக்கு அவனுக்குத்தான் சரியாக வருகிறது.

விட்டுப்போகும் நாலு கேள்விகள்

அன்றைக்கு ராத்திரி நோட்டில் நாலு பத்தி கோடு போட்டேன். எப்படிப் போவது, எங்கே உட்காருவது, பாத்ரூம் உண்டா, எத்தனை மணி நேரம் இருக்கலாம். பார்த்த பட்டியல்களில் இந்த நாலில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். கூகுள் மேப் குறி இருந்தது, அதை முதல் கேள்விக்குப் பதில் என்று ஏற்க முடியாது. மற்றதற்கு அநேகமாக வெற்றிடம்.

பிறகு தெரிந்த இடங்களை நானே இந்த நாலு கேள்வியோடு பார்க்க ஆரம்பித்தேன்.

திருநீர்மலையில் ஆரம்பிக்கிறேன். ஆழ்வார்கள் பாடிய தலம். அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் ஒரு கோயில். நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று பெருமாளின் நாலு கோலமும் ஒரே ஊரில். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போனோம். 2021 மே மாசத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அம்மாவுக்கு இல்லை, மனைவிக்கு இல்லை, பெண்ணுக்கு இல்லை. குடும்பத்தில் செலவு வைக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். சுற்றுலாச் செலவுக் கணக்கையே புரட்டிப்போட்ட விஷயம் இது. பைக்கில் போகிறவர் கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

நானும் பெண்ணும் படி ஏறினோம். அம்மாவும் மனைவியும் கீழேயே தரிசனம் முடித்துக் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ‘சாப்பிட என்ன வேணும்’ என்று யாரும் வந்து கேட்கவில்லை. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைக் குளக்கரையில் பிரித்தோம். இதையும் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை: வெளியே போகும்போது சோறு கட்டிக்கொண்டு போவது நம் ஊரின் ஆகப் பழைய சிக்கன வழி. தியேட்டரிலும் ஓட்டலிலும் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. குளக்கரை தடுப்பதில்லை.

அடுத்து பரங்கிமலை. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் 5 ரூபாய். சுமார் 300 அடி உயரம். படிகளைக் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. மேலே போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டிய சர்ச். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டி போகிற பாதையும் இருக்கிறது. மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். என் பெண் பதினொன்று எண்ணினாள். பிரார்த்தனை இடம், சத்தம் போடக் கூடாது, ஆனால் காற்றுக்குக் காசு கேட்பதில்லை. 1802-ல் லாம்டன் இந்தியாவை அளக்கும் வேலைக்கு முதல் அடிக்கோட்டை இந்த மலைப் பக்கத்தில்தான் அளந்தார், ஏழரை மைல் நீளம். பிற்பாடு எவரெஸ்ட் உயரம்வரை போன வேலை நம் ஊர் லோக்கல் ஸ்டேஷன் பக்கத்தில் தொடங்கியது என்று சொன்னதும் பெண் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை என் நாலு கேள்வியிலும் கிட்டத்தட்டத் தோற்கிறது. பழைய டிரங்க் ரோட்டில் வெயில், நெரிசல், உட்கார இடமில்லை, அதுவும் வேலை நாள். அம்மாவைக் கூட்டிப்போக முடியாது. ஆனால் பெண்ணோடு லீவில் போனேன். செடி, மீன் தொட்டி, பழைய ஸ்குரூ டிரைவர், செத்துப்போன ரேடியோ. 1863-ல் புரூஸ் ஃபூட் இந்தப் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அந்த ஊரில் இன்றும் ஜனங்கள் குனிந்து ஆயுதம் பொறுக்குவதைப் பார்க்க 15 ரூபாய் பஜ்ஜியோடு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எல்லா இடமும் எல்லாருக்கும் ஆகாது. யாருக்கு ஆகும் என்று சொல்வதுதானே விமர்சனம்?

வண்டலூர் உயிரியல் பூங்காவை ‘கம்மி செலவு’ப் பட்டியல்கள் தவிர்க்கின்றன, பெரியவர் டிக்கெட் 200 ரூபாய் என்பதால். இங்கே கணக்கு தலைகீழ். 1855-ல் சென்னைக்குள் தொடங்கிய பூங்கா 1985-ல் வண்டலூர் வந்தது. 602 ஹெக்டேர். மரம், நிழல், பாத்ரூம், பெஞ்சு எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம். ஆறு மணி நேரம் இருந்தால் ஆளுக்கு மணிக்கு 33 ரூபாய். நான் வாங்கிய ஜூஸ் கடை நாற்காலி ஆளுக்கு இருபது நிமிஷத்துக்கு 60, அதாவது மணிக்கு 180. எது மலிவு? வருஷத்துக்கு ஒருமுறை போகலாம், தப்பில்லை. (செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஞாபகம் வையுங்கள்.)

ஸ்டூல் போன கதை

எங்கள் தெருமுனையில் இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சாயங்கால டிபன் கடை. நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அம்மா மெதுவாக நடந்தாலே போய்விடலாம். ‘அம்மாவுக்குக் காரம் இல்லாத சட்னி’ என்று அந்த அக்காவே எடுத்து வைப்பார். நாலு இட்லி 40 ரூபாய். போன வருஷம் யாரோ வீடியோ போட்டார்கள். கூட்டம் குவிந்தது. அக்காவுக்கு வியாபாரம் இரண்டு மடங்கு, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வாரத்தில் ஸ்டூல்களைக் காணோம். ‘நாலு பேர் உக்கார்ற இடத்துல பத்து பேர் நிக்கலாம்ணா’ என்றார். ரோட்டில் பைக் நெருக்கியதால் புகாரும் வந்ததாம். நடைபாதை வியாபாரிகளைக் காக்க 2014-ல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது எந்த ஸ்டூலுக்கும் உத்தரவாதம் தரவில்லை.

அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். சட்னி மூணு தடவை வருகிறது. ஸ்டூல் ஒரு ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு. எடுத்தவருக்கு அது கடையின் பகுதியாகவே தெரியவில்லை. அதனால் அது போனபோது எதுவும் போனதாகவும் தெரிந்திருக்காது.

என் பட்டியலின் ஓட்டை

நான் மெச்சிய இடங்களில் இரண்டு வழிபாட்டு இடங்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு, வேறு நம்பிக்கை உள்ளவருக்கு, அங்கே உட்காருவதில் ஒரு கூச்சம் இருக்கலாம். அது நியாயமான கேள்வி. அப்படியானால் பொது இடம் எது? எங்கள் பக்கத்துப் பூங்கா காலையில் மூடினால் மாலை நாலுக்குத்தான் திறக்கிறது, வயசானவர்களுக்கு நேரம் போகாத மத்தியானத்தில் பூட்டு. ரயில்வே பிளாட்ஃபாரத்தில் பெஞ்சு உண்டு, ஆனால் பிளாட்ஃபாரம் டிக்கெட் 10 ரூபாய். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை போகவும் அதே 10 ரூபாய். நிற்கவும் பத்து, போகவும் பத்து! (நாங்கள் ஒருநாள் மத்தியானம் சும்மா ஏறிப் போய்விட்டு வந்தோம். ஜன்னலோரம் அம்மா. நல்ல சுற்றுலாதான்.)

அதனால்தான் ஜனங்கள் மாலுக்குப் போகிறார்கள். ஒன்றும் வாங்காமல் ஏசியில் சுற்றுகிறார்கள் என்று கேலி செய்யும் கட்டுரைகள் படித்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். இப்போது வாயை மூடிக்கொண்டேன். சுத்தமான பாத்ரூம், உட்கார இடம், நுழைவு இலவசம். என் பெண்ணின் விமர்சனம் என்னுடையதைவிடக் கூர்மையாக இருந்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனோம். ஒரு வணிக வளாகம் தன் லாபத்துக்காகக் கொடுக்கிறதை மாநகராட்சி நம் வரிப்பணத்தில் கொடுத்தால் மாலைத் திட்ட வேண்டிய அவசியமே வராது.

வீடியோ போடும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரிதான். விலை சொன்னதும் சேர்த்துச் சொல்லுங்கள்: எந்த பஸ், உட்கார இடம் உண்டா, பாத்ரூம் எங்கே. பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியால் யாரோ ஒருத்தர் வீட்டில் ஒரு அம்மா கிளம்பலாம், அல்லது வீணாக அலையாமல் இருக்கலாம்.

டிபன் கடை அக்காவிடம் போன வாரம் கேட்டேன். ‘ஒரே ஒரு ஸ்டூல், அம்மாவுக்கு மட்டும்.’ அடுப்புக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தார். தூக்கிப்போடவில்லையாம், உள்ளேதான் வைத்திருந்தாராம். அம்மா உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு ‘இருடா, என்ன அவசரம்’ என்றார்.

இருந்தோம்.