கட்டளை வரிக்கு ஓர் உறை: ஆர்எல்ராப்

லினக்ஸில் ஆரக்கிள் தரவுத்தளத்தைக் கையாள உதவும் எஸ்க்யூஎல் பிளஸ் நிரலைத் தனியே இயக்கி, சற்றுமுன் தட்டிய கட்டளையை மீட்க மேல் அம்பு விசையை அழுத்தினால், அந்தக் கட்டளை வருவதில்லை; ஒரு தொப்பிக்குறியும் இரண்டு சதுர அடைப்புகளும் ஏ என்ற ஆங்கில எழுத்தும்தான் திரையில் விழுகின்றன. நிரலுக்குள்ளேயே திருத்தக் கட்டளைகள் உண்டென்றாலும், அம்பு விசைக்குப் பழகிய கைக்கு அவை போதுவதில்லை.

ஹான்ஸ் லப் சி மொழியில் எழுதிய ஆர்எல்ராப் இக்குறையை வெளியிலிருந்தே தீர்க்கிறது. எந்த நிரலின் பெயருக்கு முன்னும் ஆர்எல்ராப் என்ற பெயரைச் சேர்த்துத் தட்டினால், அது ஒரு போலி முனையத்தை, அதாவது உண்மையான திரையும் விசைப்பலகையும் இருப்பதாக நிரலை நம்பவைக்கும் இயங்குதள வசதியை, உருவாக்கி அதனுள் அந்நிரலை ஓட்டுகிறது. பயனர் தட்டுவதை முதலில் வாங்குவது ரீட்லைன் என்னும் நிரல் நூலகம். பாஷ் கட்டளைச் சூழலில் வரியைத் திருத்தவும் பழைய வரியைத் தேடவும் உதவுவதும் இதுவே. திருத்தி முடித்த வரி மட்டுமே உள்ளிருக்கும் நிரலுக்குச் செல்வதால், அதன் மூலநிரலைத் தொடவோ மறுபடி தொகுக்கவோ தேவையில்லை.

நிரலைத் தொடாமல் இப்படி வெளியே நிற்பதற்கு உரிமம் சார்ந்த பயனும் உண்டு. ரீட்லைன் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், அதை நேரடியாக இணைக்கும் நிரலை வெளியிடுவோர் அதே உரிமத்துக்கு உடன்பட வேண்டும். 1992இல் சிலிஸ்ப் என்னும் லிஸ்ப் மொழிச் செயலாக்கம் ஜிபிஎல்லுக்கு மாறியதற்கு இதுவே காரணம். ஆர்எல்ராப்புக்குள் ஓடும் நிரலோ ரீட்லைனை இணைப்பதில்லை என்பதால், அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தரவுத்தள அட்டவணைகளின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, எஃப் என்ற சிற்றெழுத்துத் தேர்வுடன் ஆர்எல்ராப்புக்குக் கொடுத்தால், டேப் விசை அவற்றை நிறைவு செய்கிறது. ஆனால் இலக்கணம் அறியாத நிறைவு அது: அட்டவணை வரவேண்டிய இடமா, நெடுவரிசை வரவேண்டிய இடமா என்று பார்ப்பதில்லை. நான்கு வரிகளில் எழுதிய வினவலும் இயல்பான அமைப்பில் ஒன்றாக மீள்வதில்லை, வரிவரியாகவே மீள்கிறது. இது உண்மையிலேயே எரிச்சலூட்டும் குறை.

இருந்தும், நாளெல்லாம் எஸ்க்யூஎல் பிளஸில் உழல்வோர் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நிரல் கடவுச்சொல்லைத் தனியே கேட்டு, தட்டுவதைத் திரையில் மறைக்கும்போது ஆர்எல்ராப் அதைச் சேமிப்பதில்லை. இணைப்புக் கட்டளையிலேயே கடவுச்சொல்லைச் சேர்த்துத் தட்டினால், அது முகப்பு அடைவிலுள்ள வரலாற்றுக் கோப்பில் அப்படியே பதிவாகிவிடும். ஆகவே பயனர் பெயரை மட்டும் தந்து, கடவுச்சொல்லை நிரலே கேட்கும்படி விடுங்கள்.