ஆறு ஸ்டாப் இருட்டு

கேமரா, லென்ஸ், முக்காலி என்று வாங்கி முடித்த நிலக்காட்சி ஆர்வலர் அடுத்துக் கைவைப்பது என்.டி. ஃபில்டரில். லென்ஸின் முன்னால் மாட்டி உள்ளே போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி அது. கடைக்காரரும் யூடியூப்காரரும் முதலில் எடுத்துக் காட்டுவது 10 ஸ்டாப். பால் பால் என்று வெளுத்துக் கிடக்கும் கடல் படங்களெல்லாம் அதன் கைங்கர்யம்தான். தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளம், தேரிக்காடு, மணப்பாடு கடற்கரை ஆகிய மூன்றிலும் 6 ஸ்டாப், 10 ஸ்டாப், சுழற்றினால் இருட்டு கூடிக் குறையும் வேரியபிள் என மூன்று வகையையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். நம் ஊர் வெயிலுக்கு முதலில் வாங்க வேண்டியது 6 ஸ்டாப். ஆசை அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் 10 ஸ்டாப். வேரியபிளை வீடியோக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

இதற்குக் காரணம் ரசனையைவிடக் கணக்குதான். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் பாதியாகும். அப்படியானால் 6 ஸ்டாப் ஃபில்டர் 64-இல் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. 10 ஸ்டாப் 1,024-இல் ஒரு பங்கை. (பெட்டியின் மேல் என்.டி.64, என்.டி.1000 என்றோ, அடர்த்திக் கணக்கில் 1.8, 3.0 என்றோ போட்டிருப்பார்கள். பொருள் ஒன்றுதான்.) சுள்ளென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் 1/100 நொடிக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது ஃபிலிம் காலத்து விதி. அவ்வளவு சிறிய துவாரத்தில் விளிம்பு விளைவால் கூர்மை மழுங்கும் என்பதால் நான் எஃப் 8-ஐத் தாண்டுவது அபூர்வம். அங்கே 1/400. இதில் 6 ஸ்டாப்பை மாட்டினால் 1/6 நொடி கிடைக்கிறது. 10 ஸ்டாப்பை மாட்டினால் இரண்டரை நொடி.

1/6 நொடியில் அலை தன் உருவத்தை இழப்பதில்லை, ஆனால் அதன் விளிம்பு இழை இழையாகப் பிரிகிறது. கேமராவைக் கையில் வைத்து வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் அரூபப் படங்களுக்கும் அதுவே தோதான வேகம். இரண்டரை நொடி இரண்டுங்கெட்டான்: அலை அழிந்துவிடும், கடல் வழவழப்பாவதற்கும் நேரம் போதாது. விளம்பரப் படத்தில் பார்த்த பால் கடல் வேண்டுமானால் அரை நிமிடமாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். நடுப்பகலில் 10 ஸ்டாப்பாலும் அது கைகூடாது. அந்தப் படங்களில் பல, வெயிலே மங்கலாக இருக்கும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. கீழே பாறையும் மணலும் கலந்த கரை. விடிவதற்குச் சற்று முன் எஃப் 8-இல் 1/15 நொடி காட்டும் வெளிச்சத்தில், 6 ஸ்டாப் நான்கு நொடியைத் தரும். அலை ஏறி, நின்று, திரும்பிப் போகும்போது நுரை மணலில் கோடு கிழித்துக்கொண்டு இறங்கும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அலை திரும்பத் தொடங்கும் கணத்தில் ஷட்டரை அழுத்தினால் வெள்ளைக் கோடுகள் எல்லாம் கடலை நோக்கி ஓடும் படம் கிடைக்கும். அதே இடத்தில் 10 ஸ்டாப்பை மாட்டினால் 68 நொடி. பெரும்பாலான கேமராக்கள் 30 நொடியோடு நின்றுவிடும் என்பதால் பல்ப் மோடுக்குப் போய், ரிமோட் வைத்து, நேரம் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குள் விடியல் வெளிச்சமே ஏறிவிடுகிறது. போட்ட கணக்கு தப்பாகிறது. கரையோரம் கட்டிக் கிடக்கும் படகுகள் ஆடி ஆடிப் படத்தில் ஆவிபோல் விழுகின்றன. இரைச்சலை நீக்கும் வசதியை முடுக்கியிருந்தால், படத்துக்கு எடுத்த அதே நேரத்தை கேமரா மறுபடியும் எடுத்துக்கொள்ளும். வானத்தின் நல்ல நிறம் அந்த இடைவெளியில் போய்விடும்.

தேரிக்காடு வேறு உலகம். திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் இரும்பு ஆக்சைடு பூசிய செம்மண் மேடுகள் பரந்து கிடக்கின்றன. பனையும் உடைமரமும் அங்கங்கே. நிலக்காட்சியாக இதைப் படமாக்குவது கடினம். முன்னால் எடுப்பான பொருள் எதுவும் இல்லை, பின்னால் மலை இல்லை, எல்லாத் திசையும் ஒரே சிவப்பு. அகலக் கோண லென்ஸில் எடுத்தால் சப்பென்று இருக்கும். அரூபப் படத்துக்கு இந்தக் குறையே வசதி. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே பட்டை. இதைவிட எளிய வண்ணத்தட்டு எங்கே கிடைக்கும்?

பனைகளுக்கு எதிரே நின்று, 6 ஸ்டாப்பை மாட்டி, 1/6 நொடியில் கேமராவை மேலிருந்து கீழே ஒரே சீராக இழுத்தேன். மரங்கள் கருந்தூண்களாக நீண்டு, ஓலைகள் தூரிகைத் தீற்றலாகி, மண் சிவப்பாகக் கசிந்து மேலேறுகிறது. கை அசையத் தொடங்கிய பிறகுதான் ஷட்டரை அழுத்த வேண்டும். ஷட்டர் மூடிய பிறகும் அசைவு தொடர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் தடுக்கி நின்றதுபோல் ஒரு புள்ளி உறைந்துவிடும். முக்காலி வேண்டாம். இதே வேலைக்கு 10 ஸ்டாப்பின் இரண்டரை நொடி உதவவே இல்லை. எல்லாம் கரைந்து, மரம் இருந்த சுவடே இல்லாமல், சுவருக்கு அடிக்கும் பெயின்ட் அட்டைபோல் வருகிறது. எடுத்ததில் பெரும்பகுதியை அழிக்கத்தான் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது குறிபார்த்து எடுக்கும் படம் இல்லை. ஆனாலும் முழுக்க அதிர்ஷ்டமும் இல்லை. நாலு முறை இழுத்தபின் கை ஒரு வேகத்தைக் கற்றுக்கொள்கிறது.

இப்படி எடுப்பதை ‘கேமரா தெரியாதவன் வேலை’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1950களில் புகைப்படக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் ஸ்பெயினின் காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில், வண்ணத்தில், உருவம் கலைய எடுத்தார். அன்றைய கோடாக்ரோம் ஃபிலிம் வெளிச்சத்தைக் கிரகிப்பதில் படு மந்தம். அவருக்கு ஃபிலிமே என்.டி. ஃபில்டர். அதற்கும் முன்பே, 1917-இல், ஆல்வின் லாங்டன் கோபர்ன் கண்ணாடித் துண்டுகளை முக்கோணமாகச் சேர்த்து லென்ஸின் முன் வைத்து, இன்னதென்று சொல்ல முடியாத படங்களை எடுத்திருக்கிறார்.

ஆடிக் காற்றில் தேரிக்குப் போனால் மணல் தரையை ஒட்டி ஓடும். சாய்வெயிலுக்கு எதிராக நின்று எடுத்தால் துகள் துகளாகத் தெரியாமல் செந்நிறப் புகையாகப் படிகிறது. அழகுதான். ஆனால் அதே மணல் ஃபில்டரின் திருகு மரைக்குள்ளும் நுழைகிறது. அதன்பின் ஃபில்டர் லென்ஸோடு ஒட்டிப்போன மாதிரி கழலாது. ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை ஃபில்டர் வளையத்தின் மேல் சமமாக அழுத்தித் திருப்பினால் வந்துவிடும். இதற்காகவே காந்தத்தில் ஒட்டும் வகையை வாங்கலாம். விலை கூடுதல்தான், தேரிக்கும் கடற்கரைக்கும் தகும். மணல் படிந்த கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. முதலில் ஊதிவிட வேண்டும்.

நிறக் கசிவைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்கும் அதே அளவுக்கு அகச்சிவப்பைத் தடுக்காத ஃபில்டர்களில், இருட்டு கூடக் கூட சென்சாரில் சேரும் ஒளியில் அகச்சிவப்பின் பங்கு ஏறுகிறது. படம் பழுப்பாகவோ ஊதாவாகவோ சாயும். நான் பயன்படுத்திய 6 ஸ்டாப்பில் இது அநேகமாக இல்லை. 10 ஸ்டாப்பில் இருக்கிறது. பாறையும் கடலும் உள்ள படத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், சிலர் விரும்பவும் செய்வார்கள். தேரியில் சிவப்புதானே எல்லாமே? அதில் ஊதா ஏறினால் செம்மண் சீக்குப்பிடித்த மாதிரி ஆகிறது. ஃபில்டரை மாட்டியபடியே ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, அதை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தால் பாதிக்கு மேல் தீரும். உப்பளத்தில் தாள்கூட வேண்டாம், கழுவிக் குவித்த உப்பே போதும்.

தூத்துக்குடி உப்பளத்தில்தான் 10 ஸ்டாப் தன் இடத்தைப் பிடித்தது. பாத்திகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. உப்பு இறுக இறுக, உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் சில பாத்திகளின் நீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. பக்கத்துப் பாத்தி சாம்பல், அதற்கடுத்தது வானத்தின் நீலம். வரப்புக் கோடுகளை மட்டும் வைத்து மணிக்கணக்கில் விளையாடலாம். கெடுப்பது காற்று. பிற்பகலில் நீர்ப்பரப்பு சிலிர்த்துக்கொண்டே இருப்பதால் நிறங்கள் உடைந்து போகின்றன. வெயில் தணிந்து எஃப் 8-இல் 1/100 நொடிக்கு வந்ததும் 10 ஸ்டாப் பத்து நொடியைத் தருகிறது. சிலிர்ப்பு முழுக்க அடங்கி, ஒவ்வொரு பாத்தியும் ஒரே நிறத்தகடாக உட்கார்ந்துவிடுகிறது. 6 ஸ்டாப்பால் இது ஆகவில்லை. முக்காலிக் கால்களை வரப்பின் கெட்டியான இடத்தில் ஊன்ற வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். லென்ஸைக் கண்டு ஒரு தொழிலாளி கேட்டார்: “என்ன அண்ணாச்சி, நாங்க வெறுங்கண்ணோட நிக்கோம், கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி விட்டிருக்கீய?” பதில் சொல்ல ஒன்றுமில்லை. உப்பின் வெள்ளையில் வெயில் கண்ணைப் பிடுங்கும் இடம் அது. அவர்கள் வேலையை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு, ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுப்பதே முறை. பத்து நொடியில் உழைக்கிறவர் ஒரு அழுக்குத் தீற்றலாகத்தான் தெரிவார்.

வேரியபிள் தோற்றதும் இதே உப்பளத்தில்தான். அதற்குள் இருப்பவை இரண்டு போலரைசர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழற்றும்போது வெளிச்சம் குறைகிறது. ஒரே கண்ணாடியில் எல்லா அளவும் என்பது கேட்க இனிக்கும். ஆனால் போலரைசருக்கு நீரின் பிரதிபலிப்பை விழுங்கும் குணம் உண்டு. செங்குத்திலிருந்து 53 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது உச்சம். உப்பளப் படத்தின் உயிரே பாத்தியில் விழும் வானம். இருட்டைக் கூட்ட வளையத்தைத் திருப்பினால் வானம் பாத்தியிலிருந்து காணாமல் போகிறது. வானத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் வேண்டிய இருட்டு கிடைப்பதில்லை. அகலக் கோண லென்ஸில் அதிக இருட்டுக்குத் திருப்பும்போது படத்தின் நடுவில் பெருக்கல் குறிபோல் ஒரு கறையும் விழுகிறது. இது எந்தத் தனிப்பட்ட தயாரிப்பின் குறையும் அல்ல, அந்த அமைப்பே அப்படி.

ஃபில்டரே இல்லாமல் செய்யலாமே என்ற கேள்வி நியாயமானது. 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐஃபோனின் லைவ் ஃபோட்டோவை நீண்ட எக்ஸ்போஷராக மாற்றலாம். அருவிக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது கையசைவைத் திருத்தப் பார்க்கும் மென்பொருள். வேண்டுமென்றே அசைக்கிற நமக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. ஒலிம்பஸ் 2019-இல் தன் இ.எம்.1எக்ஸ் கேமராவில் லைவ் என்.டி. என்ற வசதியைக் கொண்டுவந்தது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சராசரி போட்டு ஃபில்டரின் விளைவைப் போலி செய்வது அது. 2022-இன் ஓ.எம்.1-இல் அது 6 ஸ்டாப் வரை போகிறது. அப்போது அவர்களும் 6-இல் நின்றார்கள் என்பதில் எனக்குச் சின்ன அல்ப சந்தோஷம். வேறு கேமரா வைத்திருப்பவர்கள் பதினாறு படங்களை எடுத்துக் கணினியில் சராசரி போட்டும் பார்க்கலாம். நீரில் பலிக்கும். வேகமாக ஓடும் பொருள்களில் படங்களுக்கு இடையிலான இடைவெளி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அளவு பார்த்து வாங்கும்போது, உங்களிடம் உள்ள லென்ஸ்களில் பெரிய வாய் எதுவோ, பெரும்பாலும் 77 மில்லிமீட்டர், அதற்கு வாங்கிவிட்டுச் சிறிய லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். வளையம் சில நூறு ரூபாய்தான். வளையம் போட்ட லென்ஸில் அதன் சொந்த ஹூட் மாட்டாது. சூரியன் பக்கவாட்டில் இருந்தால் தொப்பியைக் கழற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும்.